கண்ணாடிப் பட்டறையில் "உன் பண்பாட்டைக் கொண்டு வா" என்றால் எதைக் கொண்டு போவது?

#1 நீலமணி

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஒரு கல்லூரியில் கண்ணாடிக் கலை படிக்கிறேன். குழலில் ஊதுவது, கில்ன் என்ற சூளையில் வார்ப்பது, ஆறிய பிறகு அறுத்து மெருகேற்றுவது எல்லாம் பாடத்தில் உண்டு. இந்தப் பருவத்தின் பெரிய வேலைக்கு "அடையாளம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் நல்ல மனுஷர்தான், அதில் குறையில்லை. ஆனால் என்னிடம் வந்து, "உங்கள் கோலங்கள் அழகானவை ஆயிற்றே, ஒரு குடுவையில் மணல் வீச்சில் பொறித்துப் பாருங்களேன்" என்றார். பக்கத்து மேசைக் கொரியப் பெண்ணிடம் செலடான் என்ற கொரியப் பீங்கான் பச்சையைப் பற்றிப் பேசினார். வெள்ளைக்கார மாணவர்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒருத்தர் தூக்கம் வராத இரவுகளைப் பற்றிச் செய்கிறார், இன்னொருத்தர் பாட்டியின் மறதியைப் பற்றி. அவர்களுக்கு மனசு, எங்களுக்கு மியூசியமா?

கோலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் ஸ்கார்பரோவில் பதினோராம் மாடியில் வளர்ந்தவள். அம்மா யாழ்ப்பாணம். கோலம் போட எங்களுக்கு வாசலே இருந்ததில்லை.

இதை உண்மையிலேயே யோசித்துக் கடந்த கண்ணாடிக் கலைஞர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். "உன் வேரைத் தேடு" மாதிரி அறிவுரை வேண்டாம், ப்ளீஸ்.

#2 சாய்வுநாற்காலி

வாத்தியார் வேலை கொடுத்தால் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே அம்மா? 1100 டிகிரியில் கண்ணாடி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஓடும். நாடு, சாதி, மொழி எதுவும் அதற்குத் தெரியாது. முதலில் சுவர் ஒரே கனத்தில் வரும்படி ஒரு டம்ளர் ஊதப் பழகுங்கள், மற்றதை நாற்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

(மருந்துக் குப்பிகளுக்கான கண்ணாடிக் குழாய் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் லைனில் அடையாளம் என்றால் பண்டல் மேல் ஒட்டும் லாட் நம்பர்தான்.)

#3 சியாட்டில்_மழை

ஐயா சொல்வதில் பாதி சரி. அந்த மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐ.டி. ஆள், வார இறுதிகளில் இங்கே ஒரு பொதுப் பட்டறையில் ஊதப் பழகுகிறேன், தகுதி அவ்வளவுதான். ஆனால் நம்மூர் டீக்கடையில் அரசியல் மாதிரி இந்த ஊரில் கண்ணாடிப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

நீலமணி, முதலில் பிரெஸ்டன் சிங்கிள்டரியைப் பாருங்கள். டிலிங்கிட் பழங்குடி மரபில் வந்தவர், 1963இல் பிறந்தவர், வளர்ந்தது சியாட்டில். பால்ய நண்பர் டான்டே மரியோனி வழியாக 80களின் தொடக்கத்தில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகு பில்சக் கண்ணாடிக் கலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அவர் செய்ததெல்லாம் ஐரோப்பிய பாணிப் பாத்திரங்கள். டிலிங்கிட் உருவங்களுக்கு அவர் வந்து சேர்ந்தது கையில் தொழில் படிந்த பிறகு. அந்த வகையில் சாய்வுநாற்காலி ஐயாவின் கட்சி.

அவருடைய தொப்பிகளில் ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். டிலிங்கிட் மக்கள் வேரால் பின்னும் அகலத் தொப்பியின் வடிவம், ஆனால் ஊதிய கண்ணாடி. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறப் போர்வை. ஆறிய பிறகு மேலே ரப்பர் படலம் ஒட்டி, டிலிங்கிட் கோட்டுருவங்களை வரைந்து கத்தியால் வெட்டி எடுத்து, மணலை வீசினால் மூடாத இடத்தில் மேல் நிறம் தேய்ந்து கீழ் நிறம் வெளியே வரும். அந்தத் தொப்பியைக் கவிழ்க்காமல் கிண்ணம் போல மல்லாத்தி வைத்து மேலிருந்து விளக்குப் போட்டிருந்தார்கள். உருவம் முழுக்க நிழலாகப் பீடத்தில் விழுந்து கிடந்தது. பின்னிய தொப்பியிலும் மரச் செதுக்கிலும் இது கிடைக்காது. அவர் கண்ணாடிக்குக் கொண்டு வந்தது சின்னத்தை மட்டுமல்ல, அந்தச் சின்னம் கண்ணாடியில் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் கண்டுபிடித்தார். உங்கள் ஆசிரியர் சொன்ன கோலக் குடுவையில் இதுதான் இல்லை.

இன்னொன்று. டிலிங்கிட் மக்களிடம் குலச் சின்னம் குலத்தின் சொத்து. அதற்கு உரிமை, சடங்கு, பொறுப்பு எல்லாம் உண்டு. "அழகாக இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று எந்த வாத்தியாரும் சொல்லிவிட முடியாது.

#4 சாய்வுநாற்காலி

நீங்கள் சொன்ன பில்சக்கைத் தேடிப் படித்தேன். 1971இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேல் சிஹூலி என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர். அவர் 1975 வாக்கில் நவாஹோ பழங்குடிக் கம்பளங்களின் கோலத்தைக் கண்ணாடி இழையால் உருளைகள் மேல் போட்டிருக்கிறார். 1977இல் டகோமாவில் அமெரிக்கப் பழங்குடிக் கூடைகளைப் பார்த்துவிட்டு, தொய்ந்து சரிந்த கூடைகளாக ஒரு வரிசை. அவர் எந்தக் குலம்? யாரிடம் அனுமதி வாங்கினார்? அவர் எடுத்தால் கலை, இந்தப் பெண்ணிடம் வாத்தியார் கோலம் கேட்டால் மட்டும் குற்றமா? ஒரு நியாயம் சொல்லுங்கள்.

#5 சியாட்டில்_மழை

நல்ல கேள்வி. இந்த ஊரிலேயே இதற்கு ஒரே பதில் கிடையாது. என் பார்வையைச் சொல்கிறேன். கூடை வரிசையில் அவர் வடிவத்தை அப்படியே படியெடுக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று சாய்ந்து, பழசாகி, தன் எடையிலேயே தொய்ந்து நின்ற கூடைகளைப் பார்த்தார். சூடான கண்ணாடியும் அப்படித்தான் தொய்யும் என்று பிடித்துக்கொண்டார். அதைக் கற்றல் என்று ஒப்புக்கொள்கிறேன். கம்பள உருளைகள் எனக்கு இன்னும் உறுத்தல்தான். அவை மேசை மேல் வைத்த கம்பளப் படங்கள்.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொரு விஷயமும் உண்டு. 1974இல் சாண்டா ஃபேயில் உள்ள அமெரிக்க இந்தியக் கலைகள் கல்லூரியில் ஒரு கண்ணாடிப் பட்டறை அமைக்க சிஹூலி உதவினார். அங்கே படித்தவர்களில் ஒருவர் டோனி ஹோஹோலா, நியூ மெக்சிகோவின் இஸ்லெடா புவெப்லோ என்ற பழங்குடி ஊரைச் சேர்ந்தவர். அவர் பின்னால் 1999இல் டாவோஸில் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்காக ஒரு கண்ணாடிப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். கம்பளத்தை எடுத்தவரே உலையையும் கொண்டு போய் வைத்தார். எதை எந்தத் தட்டில் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் உலைதான் கனம்.

#6 தெற்குக்காற்று

அடிலெய்டில் இருந்து எழுதுகிறேன். இந்தப் பேச்சில் யோனி ஸ்கார்ஸ் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம்.

கொக்காதா, நுக்குனு ஆதிக்குடி மரபினர். 1973இல் வூமெராவில் பிறந்தார். வூமெரா என்பது ராக்கெட் சோதனைக்காகவே உருவான ஊர். இங்கே தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடியை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்ற முதல் ஆதிக்குடி மாணவி அவர். நீலமணி நிற்கும் இடத்தில் அவர் 2000களின் தொடக்கத்தில் நின்றிருக்கிறார், அதுவும் தன்னந்தனியாக.

ஆதிக்குடிக் கலை என்றதும் உலகம் எதிர்பார்ப்பது புள்ளி ஓவியம். அவர் ஊதியதோ கிழங்கு. காட்டு வள்ளிக்கிழங்கு, காட்டு வாழை, காட்டுப் பிளம். பார்க்க எளிமையான பொருட்கள். கறுப்பு, சாம்பல், நிறமற்ற கண்ணாடி. சிலது நசுங்கி, சிலது வெட்டுப்பட்டு இருக்கும். அந்தக் கிழங்குகள் மனித உடல்கள் மாதிரியும் இருக்கும், மருத்துவமனைத் தட்டில் கிடத்திய உறுப்புகள் மாதிரியும் இருக்கும். முதலில் பார்க்கும்போது எது என்று தீர்மானிக்க முடியாது.

2015இல் இங்கே கலைக்கூடத்தில் அவருடைய ஒரு படைப்பு வைத்தார்கள். ஊதிய கண்ணாடிக் கிழங்குகள் இரண்டாயிரம், கூரையில் இருந்து மேகமாகத் தொங்கும். விஷயம் மராலிங்கா, தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓர் இடம். 1956 முதல் 1963 வரை பிரிட்டன் அங்கே அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அங்கே வாழ்ந்த மக்களில் பலரை முன்பே வெளியேற்றியிருந்தார்கள், எல்லோரையும் அல்ல. குண்டு வெடித்த சூட்டில் பாலைவன மணல் உருகிக் கண்ணாடியானது.

இப்போது அந்தக் கிழங்கைத் திரும்பப் பாருங்கள். அந்த மண்ணில் விளைந்த உணவு, அந்த மண்ணே ஆகிப்போன கண்ணாடியில். இந்தப் படைப்பு வெண்கலத்தில் இருந்தால் அர்த்தமே இல்லை. அவர் தன் மக்களின் சித்திர மரபில் இருந்து ஒரு கோடு கூட எடுக்கவில்லை. ஆனாலும் இதை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அப்புறம் கான்பெராவில் ஜென்னி கெமாரே மார்ட்டினியெல்லோ இருக்கிறார். அவர் போனது எதிர்த்திசை. விலாங்கு பிடிக்கும் கூடைப் பொறிகளையே ஊதினார். நாணல் பின்னல் வர வேண்டும் என்பதற்காக வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை அடுக்கி உருட்டி எடுக்கும் வெனிஸ் வேலைப்பாட்டைப் பயன்படுத்தினார். 2013இல் ஆதிக்குடிக் கலைக்கான டெல்ஸ்ட்ரா தேசிய விருதின் முதல் பரிசு அவருடைய மீன்பொறிக்குக் கிடைத்தது. ஆக மரபுப் பொருளை நேராகச் செய்வதும் ஒரு வழிதான். மரபைத் தொட்டாலே மியூசியம் என்று நினைக்க வேண்டாம் நீலமணி.

#7 நீலமணி

தெற்குக்காற்று அக்கா (அக்காதானே?), இரண்டாயிரம் கிழங்கு பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன். எனக்கு இப்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. என்னை உறுத்தியது கோலம் இல்லை. அதை எனக்காக இன்னொருவர் தேர்ந்தெடுத்ததுதான்.

#8 தெற்குக்காற்று

அண்ணா. பரவாயில்லை :)

#9 மணிச்சரம்

தொல்லியல் மாணவி. பில்சக், மராலிங்கா எல்லாம் சரி. கண்ணாடி நமக்கு வெளியில் இருந்து வந்த கலை என்பது போலவே எல்லோரும் பேசுவதால் குறுக்கே வருகிறேன்.

புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது உலகம் ரோமானியப் பானை ஓட்டைத்தான் கொண்டாடியது. மணிகளின் அருமை பிறகுதான் புரிந்தது. கடுகு போலச் சின்னதாக, ஒற்றை நிறத்தில், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று ஆய்வாளர்கள் சொல்லும் வகை. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து கொரியா வரை தோண்டுகிற இடத்தில் எல்லாம் கிடைக்கின்றன. நீலமணிக்கு ஒரு செய்தி: இவை செய்யப்பட்ட இடங்களில் மன்னார் பக்கத்து மாந்தையும் ஒன்று.

செய்முறைதான் சுவாரசியம். உருகிய கண்ணாடியை ஒரு இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி உலை வாயில் வைப்பார்கள். குழாயின் உள்ளே ஒரு கம்பி போய் நடுவில் துளை போடும். உலையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு கொக்கியால் நுனியைப் பிடித்து இழுப்பார். மெல்லிய குழாயாக அது வந்துகொண்டே இருக்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கி மணியாகும். சாம்பல் எதற்கு என்றால் துளை அடைபடாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்க. இதே முறை ஆந்திராவில் காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை வந்திருக்கிறது. அங்கே பார்த்துத்தான் ஆய்வாளர்கள் அரிக்கமேட்டுக் கழிவுத் துண்டுகளுக்கு விளக்கம் சொன்னார்கள்.

ஆக உங்கள் கல்லூரியில் "அடையாளம்" என்று கேட்டால் இதைவிடப் பெரிய பதில் இல்லை. உலகத்துக்கே கண்ணாடி கொடுத்தவர்கள் நாம்.

#10 கரிசல்காடு

ஆரம்பித்தாச்சா? :) கடைசி வரி வரை ரசித்துப் படித்தேன் தங்கச்சி. எகிப்திலும் மெசப்பொட்டாமியாவிலும் அரிக்கமேட்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே கண்ணாடி இருந்தது. அந்த வரி இல்லாமலே உங்கள் பதிவு பெரிசுதான்.

எனக்கு வேறு கவலை. பண்பாட்டுப் பன்மை என்று நாம் பேசுவதெல்லாம் கனடா, சியாட்டில், அடிலெய்டு. இந்தியாவில் கண்ணாடியோடு நாள் முழுக்க நிற்பவர் யார்? உத்தரப் பிரதேசத்தில் கண்ணாடி வளையலுக்குப் பேர்போன ஃபிரோசாபாத்துக்கு வியாபார விஷயமாகப் போய் வருகிறவன் நான். உலையில் இருந்து வரும் கண்ணாடியைச் சுழலும் உருளை மேல் ஸ்பிரிங் மாதிரிச் சுற்ற விடுவார்கள். அதை வெட்டினால் வாய் திறந்த வளையங்கள். அந்த வாயை மூடும் வேலை ஆலைக்குள் நடப்பதில்லை. சந்து வீடுகளில் சின்னச் சுடருக்கு முன்னால் உட்கார்ந்து பெண்கள் ஒவ்வொரு வளையலாக ஒட்டுகிறார்கள். மின்விசிறி போட முடியாது, சுடர் ஆடும். மே மாதத்திலும் அப்படித்தான்.

அவர்கள் கையில் இருப்பது சுடரில் கண்ணாடியை ஒட்டும் வேலை. நீலமணியின் கல்லூரியில் அதற்குத் தனிப் பாடமே இருக்கும். அங்கே படித்து வருபவர் கலைஞர், இங்கே ஒட்டுபவர் கூலி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) பீங்கான்-கண்ணாடி வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்பு. ஃபிரோசாபாத் சந்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிப் பாருங்கள். அடையாளம் என்ற சொல்லுக்குள் இந்தக் கதவு வராதா?

#11 மட்டுறுத்துநர்

"முதன்முதலில் கண்ணாடி கண்டுபிடித்தது யார்" என்ற திசையில் வந்த நான்கு பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கல்வி பற்றித் தொடரவும்.

#12 சியாட்டில்_மழை

கரிசல்காடு சொன்ன கதவு அமெரிக்காவிலும் உண்டு. இந்தப் படிப்பின் பிறப்பிலேயே இருக்கிறது.

1962இல் ஒஹாயோ மாநிலத்து டோலிடோ கலை அருங்காட்சியகத்துத் தோட்டக் கொட்டகையில் பீங்கான் பேராசிரியர் ஹார்வி லிட்டில்டன் ஒரு சின்ன உலை கட்டினார். ஆலைக்கு வெளியே, தனி ஆள் ஒருவர் கண்ணாடி ஊத முடியுமா என்று பார்க்க. முதல் உருக்கு சரியாக வரவில்லை. டொமினிக் லபீனோ என்ற ஆலை விஞ்ஞானி, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளை உருக்கச் சொன்னார். அது வேலை செய்தது. ஆனால் வந்திருந்த யாருக்கும் ஊதத் தெரியாது! லிபி கண்ணாடி ஆலையில் ஓய்வு பெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்ற தொழிலாளி வந்து குழலைப் பிடித்துக் காட்டினார். இன்று பாடங்களில் லிட்டில்டன் தந்தை, லபீனோ துணை. லீஃப்கிரீனுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

அங்கிருந்து அது பல்கலைக்கழகங்களுக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தவர்களுக்குத்தான் கண்ணாடியும். அதோடு இந்தத் தொழிலின் செலவு இருக்கிறதே! உலையை ஞாயிற்றுக்கிழமை அணைத்துவிட்டு திங்கள்கிழமை மூட்ட முடியாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் இரவும் பகலும் எரியும். பென்சில் வைத்துக்கொண்டு வீட்டில் பழகுவது போல இதைப் பழக முடியாது. கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்துக்காக ரிலேட்டட் டாக்டிக்ஸ் என்ற கலைக்குழு ஒரு வேலை செய்தது. இந்தத் துறை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதைத் தரவுகளைக் கொண்டே படைப்பாக்கிக் காட்டினார்கள். அருங்காட்சியகமே இடம் கொடுத்தது நல்ல விஷயம்.

டகோமாவில் 1994 முதல் ஹில்டாப் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. வசதியில்லாத பகுதிப் பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே உலை வைத்து, கட்டணம் இல்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். "உன் பண்பாட்டைக் கொண்டு வா" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகள் தாங்களாகவே கொண்டு வந்துவிடுகிறார்கள்.

#13 மணிச்சரம்

கரிசல்காடு அண்ணா, அந்த வரியைக் கொஞ்சம் உணர்ச்சி வேகத்தில் எழுதியிருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மணிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. வெனிஸ் மணிகள் ஐரோப்பியக் கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமை வியாபாரத்தில் காசாகப் புழங்கின. பால்டிமோரின் ஜாய்ஸ் ஸ்காட், ஆப்பிரிக்க அமெரிக்கர், கண்ணாடி மணிகளைக் கோத்தே சிற்பம் செய்கிறார். இனவெறி, வன்முறை எல்லாம் மினுமினுப்பாக, கிட்டப் போனால்தான் தெரியும்படி. பின்னாட்களில் வெனிஸின் கண்ணாடித் தீவான முரானோவுக்கே போய் அங்குள்ள வல்லுநர்களோடு ஊதிய கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டார். ஃபிரெட் வில்சன் 2003இல் வெனிஸ் பியெனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்க அரங்கில் வைத்தது முரானோவில் செய்த கறுப்புச் சரவிளக்கு. வழக்கமான முரானோப் பூவும் கொடியும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் கரி. சரித்திரத்தில் வெனிஸில் இருந்த கறுப்பர்களைப் பற்றிய படைப்பு அது.

இருவரும் மூதாதையர் வடிவத்தைத் தேடிப் போகவில்லை. தங்களை ஒதுக்கி வைத்த கைவேலையை உள்ளிருந்து எடுத்தார்கள்.

#14 நீலமணி

ஆசிரியரிடம் பேசிவிட்டேன். முகம் கொஞ்சம் சிவந்தார், பிறகு கேட்டுக்கொண்டார். "அப்படியானால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும், இல்லையா?" என்றார். அடுத்த வகுப்பில் தூக்கமின்மைக்காரரிடமே போய், "இந்த வேலைப்பாட்டை யாரிடம் கற்றாய், அவர் யாரிடம் கற்றார்?" என்று கேட்டார். அவர் முழித்தார். மூன்று தலைமுறை பின்னால் போனதும் முரானோ வந்து நின்றது. முரானோ வல்லுநர் லீனோ தாலியாபியேத்ரா 1979இல் பில்சக் வந்து, தீவுக்காரர்கள் வெளியில் சொல்லாத கைமுறைகளைச் சொல்லிக் கொடுத்ததால்தான் வட அமெரிக்காவில் இப்படி ஊதுகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஆக அவரும் யாரோ ஒருவருடைய ஊரைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

நான் குழாய் இழுக்கப் போகிறேன். மணிச்சரம் அக்கா சொன்ன மாதிரி துளையோடு. ஆனால் மணியாக நறுக்காமல் நீளமாகவே விட்டுவிடும் யோசனை. இந்தக் கைவேலையை எனக்கு யாரும் வீட்டில் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு மாந்தை என்றால் கோவில் மட்டும்தான் தெரியும். அந்த அறுந்த இடத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் என் குழாய் பாதி தூரத்தில் துளை மூடிக் கம்பியாகிவிடுகிறது.

#15 சாய்வுநாற்காலி

இப்போது கேட்டீர்களே, இது கேள்வி.

அந்த அரிக்கமேட்டு முறையை மணிச்சரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆலையில் டேனர் முறை. சாய்வாகச் சுழலும் உள்ளீடற்ற உருளை மேல் உருகிய கண்ணாடி வழியும், உள்ளே காற்று ஊதும், மறுமுனையில் இயந்திரம் இழுத்துக்கொண்டே இருக்கும். நறுக்கினால் குழாய். கூம்பு, நடுவில் துளை, நிற்காத இழுப்பு. கம்பிக்குப் பதில் காற்று, கொக்கிக்குப் பதில் மோட்டார். எட்வர்ட் டேனர் என்பவர் அதை உருவாக்கியதும் அதே டோலிடோவில், லிபி கம்பெனியில். எனக்கு அடையாளம் கிடையாது என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சும்மா சொல்கிறேன்.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். நீங்கள் முதலில் ஒரு குமிழ் ஊதி, இரண்டு முனையிலும் பிடித்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குமிழ் நடுவில் சரியாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனமாகி அந்தப் பக்கம் சூடு தங்கும், துளை நசுங்கும். இழுக்குமுன் சுவர் கனத்தை ஒரே சீராக்குங்கள். வெளித்தோல் கொஞ்சம் இறுகும் வரை பொறுத்து மெதுவாக நடக்க ஆரம்பியுங்கள், பிறகு வேகம் கூட்டலாம். இழுக்கும்போது குழலின் வாயை விரலால் மூடிக் காற்றை உள்ளேயே வையுங்கள். மறுமுனையில் பிடிப்பவர் உங்கள் வேகம் அறிந்தவராக இருக்க வேண்டும், அவசரக்காரர் வேண்டாம். வண்ணக் கட்டி சேர்ப்பதாக இருந்தால் உங்கள் உலைக் கண்ணாடியின் விரிவுக் கெழுவோடு, அதாவது சூட்டில் விரியும் அளவோடு, பொருந்துகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் தானாகவே விரிசல் விடும்.

எந்தக் கண்ணாடி உருக்குகிறீர்கள், சோடா-சுண்ணாம்பா போரோசிலிகேட்டா? சுவர் எத்தனை மில்லிமீட்டர்?

#16 நீலமணி

சோடா-சுண்ணாம்பு, ஐயா. சுவர் நான்கு மில்லிமீட்டர் இருக்கும். மறுமுனையில் பிடிப்பவர் தூக்கமின்மைக்காரர்.

#17 சாய்வுநாற்காலி

அவரைத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் இழுங்கள். நான்கு போதாது, இழுக்குமுன் ஆறாவது இருக்கட்டும்.